திறக்காத பிரவுசரில் ஒரு காலடி

"மூணாவது தடவையா சொல்றேன் மேடம். நான் அந்தப் பிரவுசரைத் தொடுறதே கிடையாது!"

வக்கீல் மேசையை ஓங்கித் தட்டினார். பேனா ஸ்டாண்டு துள்ளிக் குப்புற விழுந்தது. தபாலம்மா அதை எடுத்து நிமிர்த்தி வைத்தாள். காலை பத்தரைக்கு இந்த அறைக்குள் நுழைந்ததிலிருந்து அதை நிமிர்த்தி வைப்பதுதான் அவள் செய்த ஒரே உருப்படியான வேலை.

தபாலம்மா என்பது ஊர் வைத்த பெயர். தபால் இலாகாவில், விலாசம் சரியில்லாத கடிதங்களுக்கு ஆள் தேடிக் கண்டுபிடிக்கும் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவள். வேலையை விட்ட பிறகும் தேடும் பழக்கம் போகவில்லை. ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து, துப்பறியும் நிறுவனம் என்று பலகை மாட்டிவிட்டாள். பக்கத்தில் நிற்கும் உதவியாளர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை இன்றைக்கும் எல்லோரும் கண்டக்டர் என்றே கூப்பிடுகிறார்கள். தோல் பை போய்விட்டது, வாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

விஷயம் இதுதான். வக்கீலின் கட்சிக்காரி ஒருத்தி, அடிக்கிற புருஷனிடமிருந்து ஆறு வயசு மகளோடு தப்பி ஓடி வந்தவள். புருஷன் பக்கத்திலேயே வரக்கூடாது என்று கோர்ட் உத்தரவு இருக்கிறது. அவள் தங்கியிருந்த விலாசம் வக்கீலின் கம்ப்யூட்டரில் தவிர வேறெங்கும் கிடையாது. ஆனாலும் போன சனிக்கிழமை காலையில் புருஷன் நேராக வந்து அந்த வீட்டுக் கதவை உதைத்தான். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்கட்டு வழியாகப் பக்கத்து வீட்டுக்குள் புகுந்து பிழைத்தாள்.

விலாசத்தை வெளியே விட்டது டைப்பிஸ்ட்தான் என்று வக்கீல் அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டார். பதினாலு வருஷம் அவரிடம் வேலை பார்த்தவள். ஐந்தே நிமிஷத்தில் வெளியே அனுப்பினார். அவள் அழுதுகொண்டே தபாலம்மாவிடம் வந்தாள்.

"ஆதாரம் இருக்கு மேடம்." வக்கீல் ஒரு காகிதத்தை நீட்டினார். "கம்ப்யூட்டர்ல குப்பை கூட்டுற சாப்ட்வேர் ஒண்ணு வச்சிருக்கேன். எந்தப் பிரவுசர் எப்போ எங்கே போச்சுன்னு பட்டியல் போட்டுடும். பாருங்க, கம்ப்யூட்டரோடவே வந்த பழைய பிரவுசர். வியாழக்கிழமை பதினொண்ணு நாப்பதுக்கு ஏதோ ஒரு இடத்துக்குப் போயிருக்கு. அந்த நேரம் நான் கோர்ட்ல நிக்கிறேன். ஆபீஸ்ல அவ ஒருத்திதான்."

"நீங்க அதை யூஸ் பண்றதில்லையா?"

"அதுல பூரா ஓட்டைன்னு அப்பவே படிச்சுட்டேன். நானே தனியா வேற பிரவுசர் இறக்கிப் போட்டு வச்சிருக்கேன். அதுவும் லேட்டஸ்ட்." வக்கீல் தன் பிள்ளையின் மார்க் ஷீட்டைக் காட்டுவது போல் திரையைத் திருப்பிக் காட்டினார்.

அந்த நேரம் பார்த்துத் திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி எழும்பியது. வக்கீல் அதைப் பார்க்காமலேயே மவுஸைத் தட்டினார். பெட்டி மறைந்தது.

"அது என்ன சார்?" என்றாள் தபாலம்மா.

"ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு அப்டேட் போடணுமாம். அது தினமும் கத்திக்கிட்டுக் கிடக்கும். ரெண்டு வருஷம் முன்னாடி, பதினொரு பக்கம் வாதம் டைப் பண்ணி வச்சிருந்தேன். சேமிக்கலை. காபி குடிச்சுட்டு வர்றேன், அப்டேட் போட்டு முடிச்சு, தானா அணைச்சு, தானா எழுந்து நிக்குது. பதினொரு பக்கமும் போயே போச்சு. அன்னியோட நிறுத்தினேன்."

"ரெண்டு வருஷமா போடலையா?"

"எதுக்குப் போடணும்? ஓட்டை பழைய பிரவுசர்ல. நான் வச்சிருக்கிறது வேற பிரவுசர். அதுக்கு அப்டேட் கரெக்டா போட்டுடறேனே!"

கண்டக்டருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "அதாவது சார், பஸ்ஸுக்குப் புது ஹாரன் வாங்கி மாட்டியாச்சு, பிரேக்கைப் பாக்க வேண்டாம்ங்கறீங்க."

"நீங்க சும்மா இருங்க."

தபாலம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போல் ஒரு மணி நேரத்துக்கு மேலாகக் கேட்டாயிற்று. எங்கே தொடங்கினாலும் மனிதர் சுற்றிக்கொண்டு வந்து "நான் வேற பிரவுசர்" என்ற இடத்தில்தான் இறங்குகிறார். அவளுக்குக் கம்ப்யூட்டர் சாஸ்திரம் தெரியாது. ஆனால் ஒரு கவர் பிரித்த கவரா, பிரிக்காத கவரா என்பது தொட்டுப் பார்த்தாலே தெரியும்.

"சார், அந்தப் பழைய பிரவுசரை ஒரு தடவை திறங்களேன்."

"திறக்கவே மாட்டேன்னு..."

"நான் திறக்கறேன். தள்ளி உக்காருங்க."

வக்கீல் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தார். தபாலம்மா மெனுவுக்குள் தேடி, ஒரு மூலையில் கிடந்த ஐகானை அமுக்கினாள். கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் முனகியது. பிறகு திரை முழுக்க ஒரு பக்கம் விரிந்தது.

'நல்வரவு! முதன்முறையாகப் பயன்படுத்துகிறீர்கள். உங்கள் மொழியைத் தேர்ந்தெடுக்கவும்.'

தபாலம்மா அதை இரண்டு தடவை படித்தாள். "கண்டக்டரே, என்ன சொல்லுது?"

"நல்வரவுங்குது. புதுமனை புகுவிழா மாதிரி."

"முதல் தடவை யார் திறந்தாலும் இந்தக் கேள்வியெல்லாம் கேக்கும். பதில் சொல்லிட்டா அடுத்த தடவை கேக்காது. சரிதானே சார்?"

"ஆமா. என் புதுப் பிரவுசரும் அப்படித்தான் கேட்டுது."

"டைப்பிஸ்ட் வியாழக்கிழமை இதைத் திறந்திருந்தா, இன்னிக்கு இது ஏன் என்கிட்ட மொழி கேக்குது?"

வக்கீல் திரையை நோக்கிக் குனிந்து மறுபடி படித்தார்.

"இந்த வாசல் வழியா இன்னிவரைக்கும் ஒரு மனுஷப் பயல் உள்ளே போகலை," என்றாள் தபாலம்மா. "ஆனா உள்ளே காலடி இருக்கு. அப்படின்னா வேற வாசல் ஒண்ணு இருக்கு. கண்டக்டரே, உங்க மச்சினிக்குப் போனைப் போடுங்க."

கண்டக்டரின் மனைவிக்குத் தங்கை ஒருத்தி, ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருநூறு கம்ப்யூட்டரைக் கட்டி மேய்ப்பவள். போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"சொல்லுங்க மாமா. சீக்கிரம். இங்கே எக்ஸ்ரே ரூம்ல ஒரு மெஷின் செத்துக் கிடக்கு."

கண்டக்டர் விஷயத்தைச் சொன்னார். மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. பல வருஷப் பெருமூச்சு அது.

"அவர்கிட்ட மெயில் பாக்கறதுக்குத் தனி சாப்ட்வேர் இருக்கா? பழசா?"

"இருக்கு," என்றார் வக்கீல் பெருமையாக. "பிரவுசர்ல மெயில் பாக்கறதே இல்லை. அதுவும் பாதுகாப்புக்காகத்தான்."

"சார், அந்தச் சாப்ட்வேருக்குச் சொந்தமா கண்ணு கிடையாது. படம் போட்ட மெயில் வந்தா, பழைய பிரவுசரோட உள்பாகத்தைக் கடன் வாங்கித்தான் உங்களுக்குக் காட்டும். அந்த உள்பாகம் ஆபரேட்டிங் சிஸ்டத்தோட ஒட்டிப் பிறந்தது. நீங்க ஐகானைத் தொட்டாலும் தொடாட்டியும் அது உள்ளே வேலை பாத்துக்கிட்டேதான் இருக்கும். மெயில் வந்ததும் ஓரத்துல தானா விரிச்சுக் காட்டுதா?"

"காட்டும். அது வசதி."

"உள்ளே புகுறவங்களுக்கும் அதான் வசதி."

"ஆனா நான் வேற பிரவுசர்..."

"சார்!" என்றார்கள் மூன்று பேரும் ஒரே குரலில்.

தபாலம்மா மெயில் பெட்டியில் வியாழக்கிழமைக்குப் போனாள். பதினொண்ணு நாப்பதுக்கு ஒரே ஒரு கடிதம். தலைப்பு: வழக்குத் தேதி மாற்றம். கோர்ட் ஆபீஸ் அனுப்பியது போலவே, மேலே முத்திரைப் படத்தோடு இருந்தது. அவள் படத்தைப் பார்க்கவில்லை. அனுப்பியவர் விலாசத்தை மட்டும் எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் படித்தாள்.

"கோர்ட் விலாசத்துல ஒரு எழுத்து கூடுதலா இருக்கு. இது கோர்ட் இல்லை."

"அதேதான்மா," என்றாள் மச்சினி. "படத்தைக் காட்டுற சாக்குல உள்ளே புகுந்திருக்கு. இந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட் வந்து எட்டு மாசம் ஆச்சு. நான் இங்கே இருநூறு மெஷினுக்கும் அன்னிக்கே போட்டுட்டேன். அவர் போட்டிருந்தா அந்த மெயில் வந்தும் ஒண்ணும் ஆகியிருக்காது."

"எதிராளி என்ன வேலை பாக்கறான் சார்?" என்றார் கண்டக்டர்.

வக்கீலின் முகம் வெளுத்தது. "கம்ப்யூட்டர் சர்வீஸ்."

"அட! இதை நீங்க பத்தரைக்கே சொல்லியிருக்கலாமே! டிக்கெட்டை இறங்கும்போதுதான் காட்டுவீங்களா?"

"கேக்கலையே யாரும். நான்தான் பாதுகாப்பா..."

"ஒரு நிமிஷம்." மச்சினியின் குரல் மாறியிருந்தது. "வியாழக்கிழமை புகுந்தது இன்னும் உள்ளேதான் இருக்கும். அந்த மெஷின்ல இருக்கிறது, புதுசா டைப் பண்றது, எல்லாம் இந்த நிமிஷம் வரைக்கும் வெளியே போய்க்கிட்டிருக்கும். முதல்ல நெட் வயரைப் பிடுங்குங்க."

கண்டக்டர் மேசைக்கு அடியில் புகுந்து வயரைப் பிடுங்கினார். தபாலம்மா மெதுவாக நிமிர்ந்து வக்கீலைப் பார்த்தாள்.

"இன்னிக்கு என்ன டைப் பண்ணீங்க சார்?"

"பாதுகாப்பு மனு. போலீஸ் காவல் கேட்டு. அந்தப் பொண்ணு ஞாயித்துக்கிழமை மாறிப்போன புது வீட்டு விலாசத்தோட. டைப்பிஸ்ட் இல்லையே, நானே ரெண்டு விரல்ல... எட்டரை மணிக்கு."

சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு.

"போன் பண்ணுங்க!"

வக்கீல் பண்ணினார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி பண்ணினார். எடுக்கவில்லை. தபாலம்மா பிரிண்டரில் கிடந்த மனுவை உருவினாள். 'நூலகத் தெரு, கதவு எண் 17' என்று இருந்தது. அதை மடித்துப் பைக்குள் போட்டாள்.

"போலீசுக்குச் சொல்லுங்க. கோர்ட் உத்தரவு நம்பரைச் சொல்லிக் கூப்பிடுங்க. நாங்க முன்னாடி போறோம்."

ஆத்திரம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். கண்டக்டரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போகும்போது தபாலம்மாவுக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது. திருடனைப் பிடிக்க வந்த இடத்தில், கதவைத் திறந்து போட்டுவிட்டுப் பூட்டின் அழகை வர்ணிக்கிற மனிதரிடம் முழுசாக ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. அந்த நேரத்தில் அங்கே போய் உட்கார்ந்திருக்கலாம்.

"கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன்!"

"போறேன்மா. இது பஸ் இல்லை, விசில் அடிச்சா பறக்க."

நூலகத் தெரு நீளமான தெரு. தலைப்பிலேயே பதினேழாம் நம்பர். அதன் வாசலில் ஒருத்தன் நின்றுகொண்டிருந்தான். வக்கீலின் ஃபைலில் பார்த்த போட்டோவுக்கும் அவனுக்கும் வித்தியாசம் சட்டை மட்டும்தான்.

ஆனால் அவன் கதவை உதைக்கவில்லை. கதவு திறந்துதான் கிடந்தது. நிலைப்படியில் வீட்டுக்காரர், முகத்தில் பாதி சோப்பு நுரையோடு, கையில் ரேசரோடு நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"எத்தனை தடவைய்யா சொல்றது? இங்கே நானும் என் நாயும்தான் இருக்கோம். பொண்ணும் இல்லை, குழந்தையும் இல்லை!"

"பொய் சொல்லாதீங்க. விலாசம் இதுதான். ஒரு மணி நேரமா கேட்டுக்கிட்டு நிக்கிறேன், மறுபடி உள்ளே விடுங்க."

"உள்ளே வந்து பாத்துட்டுத்தானே போனே! கட்டிலுக்கு அடியிலயும் பாத்தே!"

தபாலம்மாவும் கண்டக்டரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படியானால் அவள் எங்கே?

கண்டக்டர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, இருபத்தைந்து வருஷம் ஓடின ரூட்டில் போவது போல் நிதானமாக அவனிடம் போனார். "என்ன தம்பி, விலாசம் தேடறீங்களா? கொடுங்க, பாக்கலாம். இந்தப் பக்கம் எனக்குத் தெரியாத கதவே கிடையாது."

அவன் சந்தேகமாகப் பார்த்தான். ஆனால் ஒரு மணி நேரம் வெயிலில் நின்றவன், காகிதத்தைக் கொடுத்துவிட்டான். கண்டக்டர் அதைத் தூக்கிப் பிடித்து, கண்ணாடி இல்லாததுபோல் பாவனை செய்து, "மேடம், நீங்க படிங்க, எனக்கு எழுத்து ஓடுது" என்று தபாலம்மாவிடம் நீட்டினார்.

அவளுக்குப் படிக்கவே வேண்டியிருக்கவில்லை. பைக்குள் இருக்கிற அதே மனு. 'பாதுகாப்பு' என்ற வார்த்தையில் வக்கீல் விட்டுவிட்ட ஒரு கால் எழுத்துக்கூட, அதே இடத்தில் விட்டுப்போயிருந்தது. கீழே கதவு எண் 17.

பதினேழு. அந்த இலக்கத்தைத் தபாலம்மா உற்றுப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் மேசைக்கு வந்த கடிதங்களில் பாதி, இப்படி இரண்டு இலக்கம் இடம் மாறி வந்தவை.

"இதோ வர்றேன்" என்று இருபது அடி தள்ளிப் போய் டைப்பிஸ்டைப் போனில் பிடித்தாள். "அந்தப் பொண்ணு ஞாயித்துக்கிழமை எந்த வீட்டுக்குப் போனான்னு உனக்குத் தெரியுமாம்மா?"

டைப்பிஸ்ட் தயங்கினாள். "வக்கீல் சார்கிட்ட சொல்லிடாதீங்கம்மா. அவளே எனக்குப் போன் பண்ணி அழுதா. நான்தான் பாத்துக் கொடுத்தேன். எங்க சித்தி வீட்டு மாடி. நூலகத் தெரு, எழுபத்தொண்ணு."

தபாலம்மா கண்ணை மூடித் திறந்தாள். தெருவின் அந்தக் கோடி இங்கிருந்து பார்த்தால் புள்ளியாகத் தெரிந்தது.

"நீ சொல்லியிருந்தா இவன் எழுபத்தொண்ணுலதாம்மா போய் நின்னிருப்பான்" என்றாள் மெதுவாக. "இவன் பதினேழுல நிக்கிறான். உன் வக்கீல் ரெண்டு விரல்ல தப்பா அடிச்ச நம்பர்ல."

அங்கே கண்டக்டர், அவனுக்கு வழி சொல்லுகிறேன் என்று ஊரிலுள்ள சந்து பொந்தெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எட்டாவது திருப்பத்தில் அவன் பொறுமை இழந்து காகிதத்தைப் பிடுங்கப் பார்த்தபோது போலீஸ் ஜீப் வந்து நின்றது.

"இந்தத் தெருவுல நான் யாரையும் தொந்தரவு பண்ணலையே," என்றான் அவன். "கோர்ட் காகிதத்தை வச்சு விலாசம் விசாரிச்சேன். என் வக்கீல் கொடுத்தார்."

"எந்தக் கோர்ட் காகிதம்?" தபாலம்மா தன் பையிலிருந்ததை எடுத்து, அவனுடையதோடு சேர்த்து சப்-இன்ஸ்பெக்டர் கையில் கொடுத்தாள். "இது இன்னும் கோர்ட்டுக்கே போகலை. கையெழுத்துகூடப் போடலை. இன்னிக்குக் காலையில எட்டரைக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர்ல பிறந்தது. உங்க வக்கீலுக்கு எந்தத் தபால்ல வந்துச்சு தம்பி?"

சப்-இன்ஸ்பெக்டர் அவன் தோளில் கை வைத்தார். நுரை காய்ந்துபோன வீட்டுக்காரர், "என் நாயையும் ஒரு மணி நேரம் கத்த வச்சுட்டான், அதையும் எழுதிக்குங்க" என்றார்.

எழுபத்தொன்றாம் நம்பர் மாடியில் கட்சிக்காரி ஈரத்துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். போனை உள்ளே சார்ஜில் போட்டிருந்தாளாம். குழந்தை பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தது. தபாலம்மா விஷயத்தைச் சொல்லச் சொல்ல, அவள் கையிலிருந்த துணியைப் பிழிந்தபடியே நின்றாள். அதில் சொட்டுத் தண்ணீர் இல்லை, ஆனாலும் பிழிந்தாள்.

"பிடிச்சுட்டாங்களா? நிஜமாவா?"

"நிஜமா. என் கண்ணு முன்னாடி ஜீப்புல ஏத்தினாங்க."

"எத்தனை நாளைக்கு உள்ளே வைப்பாங்க?"

தபாலம்மாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "தெரியலைம்மா. உத்தரவை மீறினதுக்கு ஒண்ணு, கம்ப்யூட்டர்ல புகுந்ததுக்கு ஒண்ணு. சீக்கிரம் வர முடியாது. ஆனா வரவே மாட்டான்னு என்னால சொல்ல முடியாது."

அவள் தலையாட்டினாள். ஓட்டமாக வந்து மூச்சு வாங்கிக்கொண்டு படியேறிய டைப்பிஸ்ட், துணிக் கூடையிலிருந்து அடுத்த துணியை எடுத்து உதறினாள்.

சாயங்காலம் நாலு மணிக்கு, அவர்கள் அங்கேயே தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது வக்கீல் போன் செய்தார். தபாலம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், டைப்பிஸ்ட் பக்கத்துல இருக்காளா? நாளையிலேருந்து வேலைக்கு வந்துடச் சொல்லுங்க."

மன்னிப்பு என்ற வார்த்தை வரும் என்று எல்லோரும் ஒரு நொடி காத்திருந்தார்கள். வரவில்லை.

டைப்பிஸ்ட் போன் பக்கம் குனிந்தாள். "சார், பதினாலு வருஷத்துல ஒரு தப்பான டைப்பிங்குக்கு நான் சந்தோஷப்பட்டது இன்னிக்குத்தான். வர்றதைப் பத்தி யோசிச்சுச் சொல்றேன்."

வக்கீல் செருமினார். "சரி சரி. மேடம், இன்னொண்ணு. போலீஸ் நகல் எடுத்துக்கிட்டதும் அந்தக் கண்டக்டரோட மச்சினி வந்து எல்லாத்தையும் அழிச்சுப் புதுசா போட்டுட்டுப் போயிருக்கா. இப்ப ஆபரேட்டிங் சிஸ்டம் அப்டேட் ஓடுது. நாப்பது நிமிஷமா முப்பது சதவீதத்துலயே நிக்குது. எனக்கு அவசர வேலை இருக்கு. நிறுத்திடட்டுமா? என்னோட பிரவுசரைத்தான் முதல்லயே போட்டாச்சே..."

கண்டக்டர் தேநீரைத் துப்பாமல் விழுங்கப் பெரும்பாடு பட்டார். தபாலம்மாவுக்குக் காலையிலிருந்து சேர்த்து வைத்ததெல்லாம் தொண்டைக்கு வந்தது. பேச வாயெடுத்தவள், ஏதோ நினைத்துக்கொண்டு போனைக் கட்சிக்காரியின் கையில் கொடுத்தாள்.

"நீயே சொல்லும்மா."

அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வக்கீலிடம் குரலை உயர்த்திப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. இப்போதும் உயர்த்தவில்லை.

"சார், நூறு ஆகிற வரைக்கும் எழுந்திரிக்காம உக்காந்திருங்க. நான் மூணு மாசத்துல மூணு வீடு மாறிட்டேன். என் பொண்ணு இந்த வீட்டுச் சுவத்துல படம் வரைய ஆரம்பிச்சுட்டா. இனிமே என்னால மாற முடியாது."

"சரிம்மா," என்றார் வக்கீல். பிறகு, இன்னும் தணிந்த குரலில், "உக்காந்திருக்கேன்."

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.